ஆறு மணிப் பந்து

2025 ஆம் ஆண்டு யூலை மாதம் 12 ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி ஐம்பத்தொன்பது நிமிடம். இடம் ஊர்காவற்றுறை. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து விட்டுவிட்டு அடித்தது. வானத்தில் முகில்கள் இரண்டு, இரண்டும் தூரத்தில். வெயில் என் இடது காதைச் சுட்டுக்கொண்டிருந்தது. ரெனிஸ் களத்தின் தென்கிழக்கு மூலையில், ஒரு கால் சற்றுக் குட்டையான பிளாஸ்ரிக் கதிரையில், கிழக்குப் பக்கக் கோட்டுக்கு நேராக நான் உட்கார்ந்திருந்தேன். நடந்துகொண்டிருந்தது ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம். அது முடிவதற்கு ஒரு புள்ளி போதும் என்ற நிலை.

அடுத்த நிமிடத்தில் என் கோட்டருகே விழுந்த ஒரு பந்தை நான் காணவில்லை. முப்பத்தொரு வருட வேலையில் ஒரு தடவையும் நடக்காதது, ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, என் சொந்த ஊரில், என் சொந்த அக்காவின் முன்னால் நடந்தது.

இதை எழுதும்படி கேட்டவர் எங்கள் கோட்டு நடுவர் சங்கத்தின் செயலாளர் தர்சினி. இனிமேல் பெரிய போட்டிகளில் கோடு பார்ப்பதற்கு ஆள் தேவையில்லையாம். களத்தைச் சுற்றிக் கமராக்களைப் பூட்டிவிட்டால், பந்து உள்ளேயா வெளியேயா என்பதை இயந்திரமே குரல் கொடுத்துச் சொல்லிவிடுமாம். ஆகவே மனிதர்கள் எப்படி இந்த வேலையைச் செய்தார்கள் என்று சங்க மலருக்கு ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் ஒரு கட்டுரை வேண்டும் என்றார். நான் எழுதி எண்ணிப் பார்த்தேன். கூடிவிட்டது. வெட்ட மனம் வரவில்லை. இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அதற்குச் செபம் தெரியாது. என் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நான் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் எழுதுவினைஞராக இருந்தவன். 1985 இல், என்னோடு அறையில் தங்கியிருந்த ஒருவர் தனக்குக் காய்ச்சல் என்று என்னைத் தன் இடத்துக்குக் கோடு பார்க்க அனுப்பினார். போனேன். அவருக்குக் காய்ச்சல் ஆறு நாளில் மாறியது. நான் 2016 வரை திரும்பி வரவில்லை. பயிற்சி என்பது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஊருக்கு வரமுடியாதிருந்த வருடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அவற்றை எண்ணியதில்லை.

எங்களுக்கு மேலதிகாரி தலைமை நடுவர் மயில்வாகனம் சேர். நயினாதீவைச் சேர்ந்தவர். மெலிந்த, நெடிய மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்; கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைக்கத் தொடங்குவார். இடது வில்லை ஒன்பது சுற்று, வலது வில்லை ஒன்பது சுற்று. அதற்குள் குற்றவாளிக்கு வியர்த்துவிடும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கண்டனீரோ, நினைச்சனீரோ?”

அவ்வளவுதான். கண்டேன் என்றால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். நினைத்தேன் என்றால் அடுத்த போட்டிக்கு உம்முடைய பெயர் இருக்காது.

வேலை மிகவும் எளியது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முழங்காலில் கை வைத்து உட்கார வேண்டும். பந்து நம் பக்கம் வரும்போது முன்னால் குனிய வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது. “பந்து தானா வரும். நீர் கோட்டைப் பாரும்” என்பார் சேர். வெளியே என்றால் குரல் கொடுத்துக் கையை அந்தப் பக்கமாக நீட்ட வேண்டும். உள்ளே என்றால் வாய் திறக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தைப் பார்க்கச் சேர்த்துக் காட்ட வேண்டும். யாராவது மறைத்துவிட்டார்கள், அல்லது ஏதோ காரணத்தால் பந்து விழுந்ததைக் காணவில்லை என்றால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்த வேண்டும். எனக்குத் தெரியாது என்பதற்கு அதுதான் சைகை. உலகத்தில் தெரியாது என்பதற்கு முறையான சைகை வைத்திருக்கிற உத்தியோகம் எங்களுடையது ஒன்றுதான் என்று சேர் பெருமைப்படுவார்.

கண்ணைப் பொத்தினால் தண்டம் உண்டு. சேரிடம் ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. மூடியை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். நடுவில் நாணயக் குற்றி போடுகிற அளவுக்கு ஒரு கீறல். கண் பொத்தியவர் ஆட்டம் முடிந்ததும் அதில் இரண்டு ரூபா போட வேண்டும். வருட முடிவில் தகரத்தின் அடியைத் திறந்து எல்லோருக்கும் தேநீர். அந்தத் தண்டத்தின் நியாயத்தை முதல் நாளே எனக்கு விளங்கப்படுத்தினார்.

“பொத்துறது பிழையில்லை. கண்ணை வேறை இடத்திலை வைச்சிருந்ததுக்குத்தான் இரண்டு ரூபா. காணாமல் கண்ட மாதிரிக் கை காட்டினால் தண்டம் இல்லை. அப்பிடியான ஆளை நான் திருப்பிக் கூப்பிடுறதில்லை.”

அன்று மாலையே ஓர் இரண்டு ரூபாக் குற்றியைத் துணித் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன். 1984 ஆம் ஆண்டுக் குற்றி. எந்த நேரத்தில் தேவைப்படுமோ என்ற பயம். சட்டை மாறும்போதெல்லாம் அதே குற்றியும் கூடவே மாறும். ஆனால் அது தேவைப்படவில்லை. எங்கள் அணியில் பதினான்கு பேர். பதின்மூன்று பேரும் போட்டார்கள். குணரத்தினம் மட்டும் மொத்தம் நாற்பத்தேழு ரூபா போட்டான். அதில் ஒரு தடவை ஐந்து ரூபாக் குற்றி போட்டுவிட்டு மிச்சம் கேட்டான். “தகரம் வாங்கும், தராது” என்றார் சேர். நான் போட்டது பூச்சியம். எப்படி ஒருவன் முப்பத்தொரு வருடம் கண் சிமிட்டாமல் இருப்பான் என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். நான் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் சேர்த்துச் சிமிட்டிக்கொள்வேன்.

கோட்டு நடுவர்களுக்கு மிகவும் கஷ்டமானது ஆண்கள் இரட்டையர். களத்தில் நாலு பேர், எட்டுக் கால். யாராவது ஒருவருடைய முதுகு எப்போதும் கோட்டை மறைக்கும். ஒற்றையர் ஆட்டத்தில் வெளியே போகிற பந்து இதில் உள்ளே. ஓரக் கோடு நாலரை அடி தள்ளி இருக்கும். பங்காளிகள் இருவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு ஏதோ இரகசியம் பேசுவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அறிய நான் பல வருடம் ஆசைப்பட்டேன். ஒரு நாள் காற்று என் பக்கம் அடித்தபோது கேட்டது. இரவுச் சாப்பாட்டைப் பற்றி.

ஒரு தடவை வெளிநாட்டுச் சோடி ஒன்று ஆடியது. இருவரும் கதவுநிலையில் தலை முட்டுகிற உயரம். அவர்களில் ஒருவர் அடித்த பந்து கோட்டில் விழுந்து, எழும்பி, என் வயிற்றில் பட்டது. கதிரையோடு சாய்ந்து விழுந்தேன். விழும்போதும் என் இரண்டு உள்ளங்கைகளும் நிலத்தைப் பார்த்தே இருந்தன. ஆட்டம் முடிந்து சேர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“உது சைகையோ, விழுந்ததோ?”

“இரண்டும் சேர்.”

“கண்டனீரோ?”

“கண்டனான் சேர். கோட்டிலை பட்டது. பிறகுதான் எனக்குப் பட்டது.”

தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் என் வாழ்நாளில் அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு.

ஓய்வு பெற்று ஊர்காவற்றுறைக்கு வந்தேன். அக்கா றோசலீனும் நானும் ஒரே வளவில் இரண்டு வீடு. என்னை விட ஐந்து வயது மூத்தவர், எழுபத்தாறு. சேர் அதற்கு முன்பே நயினாதீவுக்குப் போய்விட்டார். நத்தாருக்கு நான் ஒரு வாழ்த்து மடல் அனுப்புவேன். பொங்கலுக்கு அவர் ஒன்று அனுப்புவார். ஒன்பது வருடத்தில் பதினெட்டு மடல்கள். எதிலும் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இப்படி இருக்கும்போது கனடா அன்ரன் தன் தகப்பனாரின் நினைவாகக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ரெனிஸ் களம் கட்டிக் கொடுத்தார். ரொறொன்ரோவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். களத்தைத் திறக்கிற கையோடு பரிசுப் பணம் வைத்து, பணத்துக்கு ஆடுகிற ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு போட்டியும் நடத்த வேண்டும் என்றார். ஆண்கள் இரட்டையர் மட்டும். ஏன் ஒற்றையர் இல்லை என்று கேட்டேன். காசைக் கொட்டிக் கட்டின களத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றால் வீடியோவில் வெறிச்சென்று இருக்கும் என்றார். எட்டுச் சோடி, ஏழு ஆட்டம், இரண்டு நாள். எங்கள் ஊர்ச் சோடி ஜெறோமும் நிக்சனும், மச்சான்மார். கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். கொழும்பில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் அங்கத்தவர்களோடு சம்பளத்துக்கு ஆடி ஆடியே தேர்ந்தவர்கள்.

தலைமை நடுவராக யாரைப் போடுவது என்று வந்தபோது நான் வாய் தவறிச் சேரின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவருக்கு எண்பத்துமூன்று வயது. காது மந்தம். ஒரு கண்ணில் புரை வெட்டியாகிவிட்டது, மற்றக் கண்ணுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். மறுப்பார் என்று நினைத்தேன். முதல் நாள் காலை நயினாதீவிலிருந்து முதல் படகில் குறிகாட்டுவான் துறைக்கு வந்து, ஓட்டோ பிடித்து, எட்டு மணிப் போட்டிக்கு ஆறே முக்காலுக்கு வந்து நின்றார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. நடுவரின் உயர்ந்த கதிரைக்கு அவரை ஏற்றுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. நேரம் நாலு நிமிடம். ஏறியதும் கோட்டு நடுவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார். இந்தச் சோளகத்தில் குரல் கேட்காது, தன் காதும் சரியில்லை, ஆகவே கையை மட்டும் வடிவாகக் காட்டினால் போதும். தான் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாராம்.

நேர அட்டவணை போட்டது நான். என் கணக்கின்படி இறுதி ஆட்டம் ஐந்து இருபதுக்கு முடிய வேண்டும். சேருக்கு ஆறரைப் படகு. கொழும்புச் சோடிக்கு பஸ். ஊருக்கு ஆறு மணித் திருந்தாதி. எல்லாவற்றையும் யோசித்துத்தான் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் கோயில்களில் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தரம் மணி அடிக்கும். அதுதான் திருந்தாதி மணி. அடித்ததும் செய்கிற வேலையை விட்டு எழும்பி நின்று, கண்ணை மூடி, சிலுவை அடையாளம் போட்டுச் செபம் சொல்ல வேண்டும். வலை இழுக்கிறவனும் விடுவான், மீன் விலை பேசுகிறவளும் விடுவாள். அந்த மணிக்கு நேராகக் களம் கட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனால் என் கணக்கில் கனடா அன்ரன் இல்லை. அவர் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில், ஒலிபெருக்கி வழியாகப் பேசியது பத்தொன்பது நிமிடம். களத்துக்குள் வந்த மாட்டை வெளியே அனுப்ப ஏழு நிமிடம். கிணற்றுக்குள் விழுந்த பந்தை எடுக்க ஐந்து. காற்றில் சரிந்த பந்தலை நிமிர்த்த ஒன்பது. மொத்தம் நாற்பது. ஐந்து இருபதோடு கூட்டிப் பாருங்கள்.

இனி அந்த நிமிடம்.

இரண்டு செற்றும் ஆளுக்கொன்று. மூன்றாவது செற்றுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி ஆட்டம். கொழும்புச் சோடி ஒன்பது, எங்கள் சோடி எட்டு. அடுத்த புள்ளியைக் கொழும்பு எடுத்தால் கிண்ணம் அவர்களுக்கு. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முந்நூற்று எண்பத்தாறு பேர். இடைவேளையில் எண்ணினேன், கடலை விற்றவரைச் சேர்க்கவில்லை. நிக்சன் என் பக்கமிருந்து அடித்தான். பந்து போய் வந்தது, மறுபடி போனது. கொழும்புச் சோடியில் ரமேஷ் என்ற நெடிய பொடியன் அதை எங்கள் ஆட்களின் தலைக்கு மேலால் உயரத் தூக்கினான். சோளகம் அதைப் பிடித்துக் கிழக்கே, என் கோட்டுப் பக்கம் தள்ளியது. ஜெறோம் பின்னால் ஓடி வந்து அதற்குக் கீழே நின்றான். நான் குனிந்தேன். பந்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தேன். எல்லாம் முறைப்படி.

மணி அடித்தது.

எழுபத்தொரு வருடப் பழக்கம் முப்பத்தொரு வருடப் பழக்கத்தை வென்றுவிட்டது. என் கால் எழும்பியது, கண் மூடியது, கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இடது தோளைத் தொட்டு, வலது தோளைத் தொட்டது. முதுகில் காற்று, குட்டைக் கால் கதிரை காலில் தட்டியது. தடுமாறியதில் வலது தோளைத் தொட்ட கை அப்படியே வலப்பக்கம் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தேன். பந்து வேலிக்கருகில் உருண்டுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஜெறோம் மட்டையை இடது கைக்கு மாற்றிவிட்டு நெற்றியில் கை வைத்தபடி நின்றான். நிக்சனும் அப்படியே. முந்நூற்று எண்பத்தாறு பேரும் எழுந்து நின்று கண்ணை மூடியிருந்தார்கள். நான் பழக்கிவிட்ட மற்ற மூன்று கோட்டு நடுவர்களும் அதே நிலை. கனடாவுக்கு நேரடியாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அன்ரனின் மருமகன் தொலைபேசி பிடித்த கையாலேயே சிலுவை போட்டதால், அந்த வீடியோவில் முதலில் வானம், பிறகு நிலம், பிறகு இடப்பக்கத்துப் பனை, பிறகு வலப்பக்கத்துப் பனை. ரொறொன்ரோவில் காலை எட்டரைக்குக் குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அன்ரனும் மணிச் சத்தத்தைக் கேட்டு எழும்பிக் கண்ணை மூடினாராம். கோப்பி கொட்டுண்டதாம்.

உயரக் கதிரையிலிருந்து சேர் என் நீட்டிய கையைப் பார்த்தார். “அவுட்” என்றார். “ஒன்பதுக்கு ஒன்பது.”

செபம் முடிந்த ஊர் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது.

ரமேஷ் வலையைத் தாண்டி வந்தான். பந்து ஒரு சாண் உள்ளே விழுந்தது என்றான். அவன் நின்ற இடம் களத்தின் மற்றத் தலைப்பு. ஆட்டக்காரனின் சாட்சி எடுபடாது. அவனுடைய பங்காளிக்கு ஜெறோமின் உடம்பு மறைத்துவிட்டது. ரமேஷ் நேரே என்னிடம் வந்தான். கோபமாக இல்லை; அதுதான் தொல்லை.

“அங்கிள், நீங்க பார்த்தீங்களா?”

நான் பதில் சொல்வதற்கு முன் முன்வரிசையிலிருந்து அக்கா சொன்னார்.

“உவரை ஏன் கேக்கிறீர் தம்பி? நான் கண்டனான். பந்து வெளியிலை.”

“அக்கா, நீங்கள் திருந்தாதிக்குக் கண்ணை மூடுறனீங்கள்” என்றேன்.

“ஒரு கண்ணைத்தான் மூடினனான்.”

அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் கண்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களும் கண்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் முந்நூற்று எண்பத்தாறு பேரும் கண்டுவிட்டார்கள். கடலைக்காரரும் கண்டார்.

நான் சேரைப் பார்த்தேன். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். இடது ஒன்பது முடிந்தது. வலது தொடங்கியது.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. என் பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். ஊர்ச் சோடி உயிர் தப்பும். நாளைக்குச் சந்தையில் மீன் மலிவாகக் கிடைக்கும். திறந்தால் முப்பத்தொரு வருடமும் ஒன்பது வருடமும் கூட்டிய நாற்பது வருடப் பெயர் போகும். அதுவும் சொந்த ஊரைத் தோற்கடிப்பதற்காக. உள்ளே என்று சொல்லவும் ஏலாது. உள்ளே விழுந்ததையும் நான் காணவில்லை. காணாமல் கை காட்டியவனைச் சேர் திரும்பக் கூப்பிடமாட்டார். எழுபத்தொரு வயதில் என்னை எங்கே கூப்பிடப் போகிறார் என்றும் நினைத்தேன். இருந்தாலும் அவர் வலது வில்லையில் ஏழாவது சுற்றுக்கு வந்துவிட்டார்.

எழும்பி நின்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினேன்.

நாற்பது வருடத்தில் முதல் தடவை. அனுபவம் இல்லாததால் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். அரை மணித்தியாலத்துக்கு முன்புதான் முழங்காலுக்குத் தைலம் பூசியிருந்தேன். கை கழுவவில்லை. கண் இரண்டும் எரியத் தொடங்கி, தாரை தாரையாகத் தண்ணீர். சனம் நான் அழுகிறேன் என்று நினைத்து அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு பெண் “பாவம், விடுங்கோ மனுசனை” என்றது கேட்டது. அக்கா மட்டும் விடவில்லை.

“செபம் சொன்னதைக் காட்டிக்குடுத்து ஊரைத் தோற்கடிக்கிற ஒருத்தனை நான் இப்பதான் காணுறன்.”

சேர் கண்ணாடியை மாட்டினார். கோட்டு நடுவர் காணவில்லை, ஆகவே அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வேண்டும் என்று அறிவித்தார். மீண்டும் கொழும்பு ஒன்பது, ஊர் எட்டு. ஜெறோம் பந்தை எடுக்க என் பக்கம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“மாமா, மணி அடிச்சாக் கை தானாப் போகுது. என்ன செய்யிறது” என்றான். தன் கழுத்தில் கிடந்த துவாயை எனக்குக் கண் துடைக்கத் தந்துவிட்டுப் போனான்.

அந்தப் புள்ளி போல ஒன்றை என் வாழ்நாளில் பார்க்கவில்லை. உண்மையில் அதைப் பாதிதான் பார்த்தேன். கண்ணீருக்கு ஊடாக நாலு பேரும் எட்டுப் பேராகத் தெரிந்தார்கள். சிமிட்டினால் நல்லாயிருக்கும், சிமிட்டினால் போச்சு. பந்து போய்ப் போய் வந்தது. எண்ணினேன்: இருபத்தேழு அடி. இருபத்தேழாவது அடியில் ரமேஷ் அதே உயரத்துக்கு, அதே இடத்துக்கு மறுபடியும் தூக்கினான். அதே காற்று. ஜெறோம் மறுபடியும் கீழே வந்து நின்றான். இந்தத் தடவை மணி இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்து, வெளியே போகும் என்று கணித்து, மட்டையைக் கீழே விட்டான்.

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோடு. அகலம் இரண்டு அங்குலம். அதன் வெளி ஓரத்தில், முக்கால்வாசி வெளியே, கால்வாசி உள்ளே, மஞ்சள் பந்து வந்து உட்கார்ந்து எழும்பியது. கோட்டின் ஒரு மயிரிழையைத் தொட்டாலும் உள்ளேதான்.

முந்நூற்று எண்பத்தாறு பேர் என் கையைப் பார்த்தார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நிலத்தைப் பார்க்கக் காட்டினேன்.

ஆட்டம் முடிந்தது. கொழும்பு பத்து, ஊர் எட்டு. கிண்ணத்தை அவர்கள் தூக்கினார்கள். சனம் ஐந்து நிமிடத்தில் கலைந்தது. அக்கா என்னோடு இனிமேல் கதைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சபதம் அடுத்த நாள் காலை பூசை முடியும் வரை, மொத்தம் பதின்மூன்று மணித்தியாலம் நீடித்தது. அதுவும் இடையில் ஒரு தடவை, சேருக்கு இரவுக்கு என்ன சாப்பாடு என்று வேலிக்கு மேலால் கேட்டார். ஏனென்றால் சேரின் ஆறரைப் படகு போய்விட்டது. அவர் என் வீட்டில்தான் தங்க வேண்டும்.

சேரை உயரக் கதிரையிலிருந்து இறக்க மூன்று நிமிடம் எடுத்தது. ஏற்றியதை விட ஒரு நிமிடம் குறைவு. அவர் என்னிடம் வந்தார்.

“கடைசிப் பந்து. கண்டனீரோ, நினைச்சனீரோ?”

“கண்டனான் சேர். கண் எரிஞ்சு எரிஞ்சு கண்டனான்.”

தலையசைத்தார். பிறகு துணிப்பைக்குள் கை விட்டார். பிஸ்கற் தகரம் வந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தது, மூடியில் அதே கீறல். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அதை வைத்திருந்திருக்கிறார். படகிலும் ஓட்டோவிலும் இரண்டு நாளும் காவிக்கொண்டு வந்திருக்கிறார்.

“பதின்மூண்டு பேர் போட்டவை. ஒருத்தர் மிச்சம் எண்டு வைச்சிருந்தனான்.”

நான் சட்டைப் பையிலிருந்து துணித் துண்டை எடுத்துப் பிரித்தேன். 1984 ஆம் ஆண்டுக் குற்றி. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வருடத்தை வாசித்தார். தகரத்தை நீட்டினார். போட்டேன். வெறும் தகரம், சத்தம் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு தைரியம் வந்தது. முப்பத்தொரு வருடம் கேட்கப்பட்டவன் ஒரு தடவை கேட்டால் என்ன என்று தோன்றியது.

“சேர், ஆறு மணிப் பந்து. நீங்கள் திருந்தாதி சொல்லுற ஆள் இல்லை. மேலை இருந்தனீங்கள். நீங்கள் கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கினார். இடது ஒன்பது. வலது ஒன்பது. அதற்குப் பிறகு மறுபடியும் இடது. அதை நான் முன்பு கண்டதில்லை.

“சனம் முழுக்க ஒரேயடியா எழும்பினது. மாடு திருப்பி வந்திட்டுது எண்டு அங்காலை பாத்திட்டன்” என்றார். “உம்மடை கையைக் கண்டனான். பந்தை நினைச்சனான்.”

பிறகு தன் பணப்பையைத் திறந்தார். உள்ளே ஆயிரம் ரூபாத் தாள் இரண்டு இருந்தது. குற்றி ஒன்றும் இல்லை.

“சில்லறை வைச்சிருக்கிறீரோ?”

நாளைக் காலைக் காணிக்கைக்கு என்று எடுத்து வைத்திருந்த ஓர் இருபது ரூபாக் குற்றி மட்டும் என் பையில் இருந்தது. தந்தேன். வாங்கி, கையை நீட்டி, தகரத்தின் கீறலில் வைத்து, ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தகரத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். தகரம் வாங்கும், தராது. அது எனக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் பந்தால் எனக்கு வந்த செலவு: நான் காணாததற்கு இரண்டு ரூபா, சேர் காணாததற்கு இருபது ரூபா. மொத்தம் இருபத்திரண்டு ரூபா.